தூங்குமூஞ்சி மரத்தின் வகுத்தல் கணக்கு

விளக்கு வைத்த பிறகு செடியிலிருந்து இலை பறிக்கக் கூடாது, செடி தூங்குகிறது என்று நம் வீடுகளில் சொல்லி வருகிறார்கள். இது பிழை. பறிக்கக் கூடாது என்பது சரி, காரணம்தான் தவறு. ஒரு சரியான தடையைத் தவறான காரணத்தோடு இத்தனை தலைமுறையாகக் கட்டிக்காத்து வந்திருக்கிறோம் என்பதை மிகுந்த வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. செடி தூங்குவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அது கணக்குப் போட உட்காருகிறது. அதுவும் கூட்டல் கழித்தல் அல்ல, வகுத்தல். பகலெல்லாம் வெயிலில் சமைத்ததில் அன்றைய செலவு போக மிச்சத்தை ஒவ்வோர் இலையும் மாவாக்கித் தன் உடம்புக்குள்ளேயே சேர்த்துவைக்கிறது. பொழுது சாய்ந்ததும், கையிருப்பு மாவு எவ்வளவு, விடிய இருக்கும் நேரம் எவ்வளவு என்று பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, வந்த ஈவின்படி சீராகக் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போகிறது. கடைசிக் கவளம் உள்ளே போகும்போது கிழக்கு வெளுக்கும். வேகமாகத் தின்றால் விடியுமுன் பட்டினி. மெதுவாகத் தின்றால் விடிந்த பிறகும் பானையில் மிச்சம். வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தளிர் வளராமல் போன நஷ்டம். மேகம் மூடி முன்கூட்டியே இருட்டிவிட்டாலும் செடி பதறுவதில்லை, மறுபடி வகுக்கிறது. இந்த நேரத்தில் போய் ஒருவர் இலையைக் கிள்ளினால் என்ன ஆகும் என்பது, தேர்வு அறையில் பின்னால் இருந்தவன் முதுகைச் சுரண்ட, பாதிக் கணக்கைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும்.

தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர், கண்ணை மூடிக்கொண்டு மனக்கணக்குப் போடுகிறவரைப் பார்த்து உறங்குகிறார் என்று முடிவு கட்டிய அவசரக்காரர். தென்காசிப் பக்கம், மேற்கே மலை மறைப்பதால் மற்ற ஊர்களுக்கு முன்பாகவே பொழுது அடைந்துவிடும் கோமதிப்பேரியின் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு மரம் நின்றது. ஊருக்கு வரும் எல்லா பஸ்களுக்கும் அவற்றுக்காகக் காத்திருக்கும் எல்லாருக்கும் போதுமான நிழல் அதற்கு இருந்தது. மாலையில் இலைகளை ஜோடி ஜோடியாக மடித்துக்கொண்டு கணக்கில் உட்காரும், காலையில் விரித்துக்கொள்ளும். விடியும் நேரத்தை அறிந்துதான் இலை மாவைச் செலவழிக்கிறது என்று படித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோமதிப்பேரியில் அது மறுபக்கமாக இருந்தது. அந்த மரத்தின் மாவு தீர்ந்தால்தான் அந்த ஊருக்கு விடியும். எந்தக் காலத்திலிருந்து அப்படி என்று யாருக்கும் தெரியாது. மரம் ஒருநாளும் கணக்குத் தப்பாததால் யாரும் கவனிக்கவும் இல்லை.

கவனிக்க நேர்ந்தது, மின்வாரிய ஒயர்மேன் செல்லப்பாண்டியின் மனைவி சண்முகக்கனிக்குத் தலைப்பிள்ளை பிறந்த ஆடி மாதத்தில்.

அதற்கு முந்தைய மாதம் ஊருக்கு ஒரு ஹைமாஸ் விளக்கு வந்திருந்தது. மேலத்தெருவில் வைத்தால் கீழத்தெருக்காரர்கள் மறியலுக்கு உட்காருவார்கள், கீழத்தெருவில் வைத்தால் மேலத்தெருக்காரர்கள் உட்காருவார்கள் என்பதால், இரண்டு தெரு முனையிலிருந்தும் கயிறு பிடித்து அளந்து, சரிபாதித் தூரத்தில் கம்பத்தை நட்டார்கள். அந்த இடம் மரத்துக்குப் பக்கத்தில் அமைந்தது. மரத்தின் உச்சிக்கு மேலே, வட்டமாக, கீழ்நோக்கிய விளக்குகள். கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லையே தவிர, நடுவில் நின்ற மரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பேரூராட்சித் தலைவர் உமையொருபாகம் பொத்தானை அமுக்கிவிட்டு, "இனிமே நம்ம ஊர்ல ராத்திரிங்கிற பேச்சுக்கே இடமில்லை" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஊர் கைதட்டியது. மடித்த இலைகளை மரம் ஒவ்வொன்றாக விரித்தது.

முதலில் ஒரு டீ குடிக்கும் நேரம் தாமதமாக விடிந்தது. ஆனி மாத மூட்டம் என்றார்கள். பிறகு வாசல் தெளித்து, கோலம் போட்டு, அதைத் தாண்டி பால்காரர் வந்து போகும் வரை இருட்டாக இருந்தது. பிறகு பள்ளிக்கூட மணி அடித்தது, விடியவில்லை. கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த புதூரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் பஸ் டிரைவர் விளக்கைப் போட்டார், பயணிகளின் முகங்கள் ஒரு வரிசை ஒரு வரிசையாக இருட்டுக்குள் வந்தன, கண்டக்டர் டிக்கெட் பையைத் தடவியபடி "கோமதிப்பேரி எல்லாம் எறங்குங்க, படி பாத்து" என்றார்.

ஊர் அதற்கேற்ப ஆனது. தலைமையாசிரியர் கடிகாரப்படி மணி அடித்தார். பிள்ளைகள் நட்சத்திரங்களுக்குக் கீழே வரிசையாக நின்று இறைவணக்கம் பாடிவிட்டு, இரண்டாம் பாடவேளையில் விடிந்ததும் ஒருமுறை ஓவென்று கத்தினார்கள். பள்ளிவாசல் ஹஸரத் கிழக்கைப் பார்த்து நின்று நின்று கால் கடுத்து, கடைசியில் புதூரிலிருந்து ஃபோனில் தகவல் வாங்கி பாங்கு சொன்னார். நோன்பு மாதம் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்தார். ராகுகாலம் உதயத்திலிருந்து கணக்கிடப்படுவதால் அதுவும் நகர்ந்துவிட்டது என்று கோயில் குருக்கள் சொன்னார், நகரவில்லை என்று காலண்டர் சொன்னது. சாக்கிரதையானவர்கள் இரண்டையும் அனுசரித்ததில் நல்ல காரியத்துக்கு நேரமே மிஞ்சாமல் போனது. பெண்கள் ஈரத் துணிகளையும் வடகப் பாயையும் தலையில் வைத்துக்கொண்டு, டார்ச் பிடித்தபடி பாலத்தைத் தாண்டிப் போய்க் காயவைத்துவிட்டு வந்தார்கள். அங்கே சொந்தக்காரர்கள், "என்ன மைனி, உங்க ஊர்ல விடிஞ்சிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், விடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியது. சேவல்கள் வழக்கமான நேரத்தில் கூவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததால், தப்பான கூட்டத்தில் பேசிவிட்டவர்களைப் போலக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டன.

எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம். பயந்தவர்கள் விளக்குப் போட்டார்கள். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று. கல்யாண மண்டபத்திலிருந்து சீரியல் பல்புகளை வாங்கிவந்து கூரையில் தொங்கவிட்டார்கள். ஊரே ஒரு வெளிச்சக் குவியலாகி, அந்த வெளிச்சமெல்லாம் மரத்தின் மேல் சிந்தியது. மரம் வந்த வெளிச்சத்தை வீணாக்காமல் மேலும் மாவு சேர்த்தது. மேலும் தாமதமாக விடிந்தது. மேலும் விளக்குப் போட்டார்கள்.

சண்முகக்கனி இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிள்ளை பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு நாள் கழித்து மூக்கு நுனியில் மஞ்சள் தெரிந்தது. பிறகு நெஞ்சு, பிறகு வயிறு, பிறகு உள்ளங்கால். டாக்டரம்மா பாதத்தை அழுத்திப் பார்த்து, விரலை எடுத்த இடத்தையும் பார்த்து, "காலையில இளவெயில் காட்டச் சொல்லலாம்னா நம்ம ஊர்ல காலையே இல்லை" என்று சொல்லிவிட்டு, நீல லைட்டுக்குக் கீழே போடச் சொன்னார்.

"இது மேல ஏறக் கூடாது, கனி. மூளைக்குப் போயிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. லைட்டை நிறுத்தாம வச்சிரு. பால் குடுக்க மட்டும் வெளிய எடு."

"தென்காசிக்குக் கொண்டு போயிரலாமா டாக்டர்?"

"கேட்டுப் பாத்துட்டேன். அங்க ஒரு லைட்டுக்கு மூணு பிள்ளைங்க படுத்திருக்கு. இங்க உன் பிள்ளைக்குன்னு ஒண்ணு இருக்கு."

பஞ்சு வைத்துக் கண்ணைக் கட்டிய பிள்ளை நீல வெளிச்சத்தில் கையைக் காலை உதறிக்கொண்டு கிடந்தது. சண்முகக்கனி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மஞ்சள் குறைகிறதா என்று பார்த்தாள். நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. அதனால் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் மரத்தின் கிளை. அதன் இலைகள் மடிவதும் விரிவதுமாக, எதையோ எண்ண ஆரம்பித்து, விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி லேப் டெக்னீசியன் ரெஜினா, பிள்ளையின் குதிகாலில் ரத்தம் எடுக்க வந்தவள், ஒருநாள் அந்தக் கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அதை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து நீட்டினாள்.

"ஏக்கா, இதைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல செஞ்சிருப்பீங்களே. இலையை ஸ்பிரிட்ல வேகவச்சு அயோடின் விட்டா, மாவு இருந்தா கறுக்கும், இல்லாட்டி கறுக்காது."

இலை நாவல்பழமாகக் கறுத்திருந்தது.

"கறுத்திருக்கு. அதுக்கென்ன?"

"மணி இப்ப காலையில எட்டு. ராத்திரி முழுக்கத் தின்னுருக்கணும்லா? ஒரு வாய் கூடக் குறையலை. தின்னு முடிச்சாத்தானே விடியும்."

"அது சரி" என்றாள் சண்முகக்கனி. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு வேறு கவலை. "பிள்ளைக்கு மஞ்சள் எவ்வளவு இருக்கு?"

"நேத்தையவிடக் கொஞ்சம் கூட" என்று சொல்லி, ரெஜினா கண்ணாடித் தட்டைப் பார்த்தாள்.

ரெஜினா டீக்கடையில் சொன்னாள். டீக்கடை ஊருக்குச் சொன்னது. உமையொருபாகம் பேரூராட்சி ஆபீசில் கூட்டம் போட்டு, ராத்திரி என்ற பேச்சுக்கு மறுபடி இடம் தரப்படுகிறது என்ற பொருள்பட ஏதோ பேசினார். செல்லப்பாண்டி ஹைமாஸை அணைத்தான். தெரு விளக்குகளை அணைத்தான். வீட்டு விளக்குகளை அணைக்கச் சொல்லித் தமுக்கு அடித்தார்கள். இருட்டில் இருப்பதற்கு ஊர் மெல்லப் பழகியது. ஆனாலும் விடிவது முன்னுக்கு வரவில்லை. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்று சுற்றிலும் பார்த்தார்கள். இருட்டுக்குள் ஒரே ஒரு ஜன்னல் நீலமாக இருந்தது.

மற்ற நிற விளக்குகளை இலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நீலத்தைப் பொறுக்காது. விடியலைக் காட்டும் வெளிச்சம் என்று இலை நம்புவது நீலத்தைத்தான். அது பட்டால் பாதிக் கணக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடும். படித்தவர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். கோமதிப்பேரி அதை அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொண்டது.

முதலில் செல்லப்பாண்டி மட்டும் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எல்லாரும் என்னைய ஃபியூஸ் கட்டையைப் புடுங்கச் சொல்லுதாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுட்டு வாரேன்னேன்."

சண்முகக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "புடுங்கிக்கிடுங்க. புடுங்கிட்டு அந்தக் கம்பத்துலயே ஒரு பாயை விரிச்சுப் படுத்துக்கிடுங்க. வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவன் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினான். சற்று நேரத்தில் அறை அவியத் தொடங்கியது. விளக்கின் சூட்டில் பிள்ளையின் நாக்கு வறண்டு, அழுகை சத்தமில்லாமல் போனது. டாக்டரம்மா வந்து கம்பளியை ஆணியோடு பிய்த்து எறிந்தார். "காத்து வரணும். ஜன்னலைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன், செல்லப்பாண்டி" என்றார்.

பிறகு ஊர் வந்தது. உமையொருபாகமும், அவருடன் பதினைந்து வருடமாகப் பேசாத கீழத்தெருப் பெரியதனம் கொம்பையாவும் ஒன்றாக மாடிப்படி ஏறினார்கள். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார்கள். பின்னால் படிகளில் வரிசையாகத் தலைகள்.

"தாயி, பிள்ளை எப்படி இருக்கு?" என்றார் உமையொருபாகம்.

"மஞ்சளா இருக்கு."

"அந்த லைட்டைக் கொஞ்ச நேரம் மட்டும்..."

"எவ்வளவு நேரம்?"

"விடியுற வரைக்கும்."

"எப்ப விடியும்?"

"அதை அணைச்சா விடியும்."

கொம்பையா குறுக்கிட்டார். "எங்க காலத்துல லைட்டு ஏது? பச்சப்பிள்ளையைக் காலை வெயில்ல காட்டுவாக. தன்னால சரியாப் போவும்."

"வெயில் எங்க இருக்கு, மாமா?"

"அதுக்குத்தானே அணைக்கச் சொல்லுதோம்."

"அணைச்சு, வெயில் வர்றதுக்குள்ள மண்டைக்கு ஏறிட்டா?"

படியில் யாரோ, "ஒரு பிள்ளைக்காவண்டி ஊரே இருட்டுல கெடக்கணுமா" என்று முணுமுணுக்க, இன்னொரு குரல், "நீரு வாய மூடும் வே, உம்ம பொண்டாட்டி பெத்திருந்தா தெரியும்" என்றது. உமையொருபாகம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் மிரட்டல் எதுவும் இல்லை. அதுதான் சண்முகக்கனிக்குப் பயமாக இருந்தது. மிரட்டினால் திட்டிவிடலாம். இவர்கள் கெஞ்சினார்கள். கெஞ்சுகிற ஊருக்கு எத்தனை தடவை இல்லை என்று சொல்ல முடியும்? அவளுக்கே வெயில் வேண்டும். இந்தப் படியில் நிற்கும் எவரையும்விட அவளுக்குத்தான் வேண்டும்.

"கண்ணு கூசுறது மரத்துக்குத்தானே?" என்றாள். குரல் அவளையறியாமல் உயர்ந்தது. "எம் பிள்ளைக்குக் கண்ணைக் கட்டித்தானே போட்டிருக்கு? அப்ப அதுக்கும் கட்டுங்க. போயி மரத்தை மூடுங்க. எம் மூஞ்சியில வந்து நிக்காதீங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் படிகளில் இருந்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கறுப்பாக இருந்ததெல்லாம் வந்தது. மலைக்கு மாலை போடுகிறவர்களின் வேட்டிகள், லாரி ஷெட்டிலிருந்து தார்ப்பாய்கள், ஊரில் இருந்த ஒரே வக்கீலின் இரண்டு கவுன்கள், கம்பி உருவிய குடைத் துணிகள். ஊருக்கு வரும் அமைச்சர்களுக்குக் காட்டுவதற்காக இரண்டு கட்சிகளும் மாறி மாறித் தைத்து வைத்திருந்த கறுப்புக் கொடிகள் எல்லாவற்றையும் மிஞ்சின; ஆளுங்கட்சி எது, எதிர்க்கட்சி எது என்று பாராமல் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தையல்காரர்கள் தடவியே தைத்தார்கள். தேருக்குச் சீலை கட்டுகிறவர்கள் உச்சிக்கிளையில் ஏறி முடிச்சைப் போட, மரம் பகலிலேயே ஓர் இருட்டுக் கூடாரமானது. அன்றைய பகல் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இருந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் செல்லப்பாண்டி வீடு வீடாக ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டான். பீடி கூடப் பற்றவைக்கக் கூடாது என்று தமுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒற்றை லைன் மட்டும் உயிரோடு இருந்தது.

ஆடிக் காற்றை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக அது இறங்கி வந்தபோது சீலை பாய்மரம்போல உப்பியது. ஓரம் தூக்கிய இடத்தில் நீலம் ஒரு கீற்று உள்ளே நுழைந்தது. ஜன்னலோரம் நின்ற சண்முகக்கனி அந்தக் கிளையில் இலைகள் துடித்து விரிவதைப் பார்த்தாள். கீழே "பிடி, பிடி" என்று சத்தம். மேலத்தெரு ஒரு பக்கமும் கீழத்தெரு ஒரு பக்கமும் ஓடிவந்து சீலையின் ஓரத்தைக் கையால் பிடித்தார்கள், முடியாதபோது அதன் மேல் உட்கார்ந்தார்கள், ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கிக்கொண்டார்கள். யாருடைய ஃபோனோ ஒளிர்ந்து மணியடித்தது. பிடித்த கையை எடுக்க முடியாமல் அவர் அதைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கினார். தொடைக்கடியிலிருந்து வெகுநேரம் பாட்டு வந்தது.

கடிகாரம் பள்ளிக்கூட நேரம் காட்டியது, ஊர் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ரெஜினா வேறு விளக்கில்லாமல், நீல வெளிச்சத்திலேயே பிள்ளையின் குதிகாலைத் தேடி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "நேத்தையவிடக் கொஞ்சம் குறைய" என்றாள். சண்முகக்கனி அந்தக் "கொஞ்சத்தை" மனதுக்குள் எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். இப்படியே போனால், இந்த லைட் இப்படியே எரிந்தால்.

அப்போது காற்றில் எங்கோ ஒரு தென்னை மட்டை ஒடிந்து விழுந்தது. நீல லைட் அணைந்தது.

இருட்டு என்று அதுவரை அவள் நினைத்திருந்தது இருட்டே அல்ல. பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தடவி எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். கீழேயிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது, ஊர் முழுவதும் ஒரே மூக்கால் விட்டதுபோல. அவர்கள் கேட்டு வந்தது இதைத்தான். யாரும் அணைக்காமலே அணைந்துவிட்டது, யார்மேலும் பழியில்லை. அவள் ஜன்னலுக்கு வந்து, "ஏங்க! லைட்டு போயிட்டு! ஏங்க!" என்று கத்தினாள். கத்தியது யாருக்குக் கேட்டது, யார் கேட்காததுபோல் இருந்தார்கள் என்பதை இருட்டில் கண்டுபிடிக்க முடியாது.

செல்லப்பாண்டி மின்கம்பத்தில் ஏறுவது சத்தத்தில் தெரிந்தது. கம்பம் ஆஸ்பத்திரிக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தவனின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, ஒயர் அறுந்து கெடக்கு. ரெண்டு நுனியும் தெரியலை. தடவினா செத்துருவேன்."

பிறகு யாரோ மெதுவாக, "இப்படியே கொஞ்ச நேரம் விட்டுட்டா என்ன. இன்னும் கொஞ்சந்தானே இருக்கும்" என்றார். காற்று அந்தப் பேச்சைக் கொண்டுபோனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்பில் பிள்ளையின் மூச்சு சின்னச் சின்னதாகப் பட்டுக்கொண்டிருந்தது. சண்முகக்கனிக்குக் கத்த ஒன்றும் மிச்சமில்லை.

"டார்ச்சு யாருட்ட இருக்கு?" கொம்பையாவின் குரல்.

"டார்ச் அடிச்சா மரம் பாத்துரும் வே" என்றது உமையொருபாகத்தின் குரல்.

"பாக்காதபடி நீரு சீலையைப் பிடியும். ஒயரமாத்தானே நிக்கீரு? கையைத் தூக்கும். ஏல, மேலத்தெருப் பயலுவளா, ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறுங்கலே. கம்பத்துப் பக்கம் சீலையை ரெண்டா மடிச்சுப் பிடிங்க. பொம்பளைங்க சேலையையும் குடுங்க, கறுப்பா இல்லாட்டியும் பரவாயில்லை."

இருட்டுக்குள் பெரிய நெரிசல். திட்டுகள், யாருடைய காலோ யாருடைய காதையோ மிதித்த சத்தம், "அது என் மூக்கு, லே" என்று ஒரு குரல். கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் துணியாலும் முதுகுகளாலும் ஒரு சுவர் எழும்பியது. அதன் பிறகுதான் கொம்பையா டார்ச்சை அடித்தார். அந்தச் சின்ன மஞ்சள் வட்டத்தில் செல்லப்பாண்டியின் கைகள் தெரிந்தன. மாடியிலிருந்து பார்த்தால் வேறு எதுவும் தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும் வானத்தில் வேலை செய்துகொண்டிருந்தன. டார்ச் அணைந்தது. நீல லைட் வந்தது. அவள் பிள்ளையை லைட்டுக்குக் கீழே கிடத்தி, கண்கட்டைச் சரி செய்தாள். வெளியே சுவர் கலையவில்லை. தோளில் நின்றவர்கள் தோளிலேயே நின்றார்கள், கையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே, கொஞ்சம் அசைந்து நிற்பதை யோசிக்கக்கூடப் பயந்து.

உள்ளே, சீலைக்குள், மரம் வகுத்துக்கொண்டிருந்தது.

சண்முகக்கனி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். நீல வெளிச்சம் வெளிறுவதுபோலத் தெரிந்தது. லைட் கெட்டுப்போகிறதா என்று பதறி எழுந்தாள். லைட் அப்படியே இருந்தது. சுற்றிலும் இருந்ததுதான் மாறிக்கொண்டிருந்தது. சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரிந்தது. கீழே மனிதர்கள் தெரிந்தார்கள்: உமையொருபாகத்தின் தோளில் கீழத்தெருப் பையன் ஒருவன், வாய் பிளந்து உறங்கிக்கொண்டு, இடுப்பில் பாவாடையும் மேலே துண்டுமாகப் பெண்கள், சேலைகளின் சுவருக்குப் பின்னால், யாருடைய கால் யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு குவியல். பாலத்தின் பக்கமிருந்து வெயில் தெருவோடு நடந்து வந்தது. சேவல் ஒன்று சந்தேகத்தோடு ஒருமுறை கூவிவிட்டு நிறுத்தி, சுற்றிலும் பார்த்தது.

டாக்டரம்மா பிள்ளையை ஜன்னலுக்கு எடுத்துவரச் சொன்னார். கண்கட்டை அவிழ்த்து, வெயிலில் வைத்து, நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் தொப்புளுக்குக் கீழே அழுத்தியபோது வெள்ளையாக வந்தது.

"இறங்குது" என்றார்.

சண்முகக்கனி அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சீலையை அவிழ்த்ததும் எந்தக் கொடி எந்தக் கட்சியுடையது என்று தகராறு வந்து, பிரிக்க முடியாததால் அப்படியே கோயில் தேர்க்கொட்டகையில் போட்டார்கள். ஹைமாஸ் கம்பத்திலிருந்து விளக்குகளைக் கழற்றினார்கள். மேலே இருந்த வட்டத்தில் காக்கைகள் கூடு கட்டின. உமையொருபாகமும் கொம்பையாவும் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டார்ச் யாருடையது என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது. ஊருக்கு இப்போது பஞ்சாங்கப்படி விடிகிறது. விளக்கு வைத்த பிறகு அங்கே யாரும் இலை பறிப்பதில்லை. கேட்டால், மரம் தூங்குகிறது என்று சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஐப்பசியில் இரவு நீளத் தொடங்கியதும், ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூட வைக்கச் சொல்லிக் கேட்கிறாள். தை பிறந்து இரவு சுருங்கத் தொடங்கியதும் அவளாகவே தட்டைக் கையால் மறைத்து, போதும் என்கிறாள்.